மதிய ஷிப்ட்

தார்சைத்தில் எங்கள் பள்ளிக்கு
ஒரே கட்டடம், இரண்டு பள்ளிக்கூடங்கள்.
ஏழு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை
அறை எண் பதினாறு என்னுடையது, மூன்றாம் வகுப்பு.
ஒரு மணிக்கு மேல் அது எட்டாம் வகுப்பு.
அதே மேசை, அதே இழுப்பறை,
வேறு யாரோ.

யாரென்று தெரியும் முன்னே
சண்டை தொடங்கிவிட்டது.
என் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய வாய்ப்பாட்டு அட்டையில்
ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மீசை வரைந்திருந்தார்கள்.
மஞ்சள் தாளில் எழுதி மேசையில் ஒட்டினேன்:
'மதிய மேடம், இது குழந்தைகள் செய்தது. கவனிக்கவும்.'
'கவனிக்கவும்' கீழே இரண்டு கோடு.

மறுநாள் பதில், வலப்பக்கம் சாயும் எழுத்தில்:
'காலை மேடம், உங்கள் குழந்தைகள்
பெஞ்சில் ஒட்டும் சூயிங்கத்தை
என் பையன்கள் பேண்ட்டில் வீடு வரை சுமக்கிறார்கள்.
கவனிக்கவும்.'
அதே இரண்டு கோடு.

அந்தக் கோடுகளில்தான் அவளைப் பிடித்துப்போனது
என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.
பொய்.
அன்றைக்கு நேரே புகார் கொடுக்கத்தான் போனேன்.
கோஆர்டினேட்டர் விடுப்பில் இருந்தார்.
அவ்வளவுதான்.

பிறகு கொஞ்ச நாள்
மார்க்கர் யார் மூடாமல் விட்டது,
ஏசியைப் பதினெட்டில் வைத்தது யார்.

ஒரு ஞாயிறு காலை
தாள் நீளமாக இருந்தது.
'ஜன்னலோரம் மூன்றாம் பெஞ்சில்
உங்கள் ஷிப்டில் உட்காருவது யார்?
பென்சிலில் எழுதியிருக்கிறாள்:
அண்ணா, டப்பா கீழ்த்தட்டில். பாதி உனக்கு.
என்னுடைய பையன் ஒருவன்
முதல் பீரியடில் அடிக்கடி குனிகிறான்.
இத்தனை நாள் போன் என்று நினைத்துத் திட்டிவிட்டேன்.'

நான் பெயரை எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை.
அப்பா வேலை செய்யும் கம்பெனி
நாலு மாதமாகச் சம்பளம் போடாதது
இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்,
யாரும் சொல்வதில்லை.

இடைவேளையில் அறை கூட்டும் ஷஃபிகுலிடம்
அந்தத் தட்டில் கைவைக்காதே என்றேன்.
'மதிய மேடம் போன வாரமே சொல்லிட்டாங்க,'
என்றான் அரைகுறை இந்தியில்,
துடைப்பத்தை நிறுத்தாமல்.

அதற்கப்புறம் இழுப்பறையில்
காக்ரா பாக்கெட் ஒன்று இருக்கும் எப்போதும்.
தீரும்போது முறுக்கு வாங்கி வைப்பேன் நான்.
எதற்கென்று ஒரு தாளிலும் இல்லை.
பெஞ்சு துடைக்கும் நாளில்
மூன்றாம் பெஞ்சை மட்டும் விட்டுவிடுவோம், இருவருமே,
பேசிவைக்காமல்.

மார்ச்சில் இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து
ஒரு பயிற்சி முகாம்.
பணியிடத்தில் நல்லுறவு.
வந்தவர் பலூன் கொடுத்தார்,
முன்பின் தெரியாத ஒருவரோடு ஜோடி சேரச் சொன்னார்.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது
எனக்கு முன்னால் ஒருத்தி.
பேனா வலப்பக்கம் சாய்ந்தது.
லுபைனா.
அவள் எழுத்தை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக்
குள்ளம்.

'பதினாறா?' என்றேன்.
'பதினாறு,' என்றாள்.
அதற்குமேல் என்ன பேசுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
பலூனை நடுவில் வைத்துக்கொண்டு
வெயிலைப் பற்றிச் சொன்னோம்,
பஸ் வாடகை ஏறியதைச் சொன்னோம்,
பலூன் வெடித்தது, சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.
போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு
இழுப்பறையைத் திறந்தேன்.
'காலை மேடம்,
நீல மார்க்கர் தீர்ந்தது.
டஸ்டர் உங்களிடமா?
பையன் நேற்று டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறான், பாருங்கள்.'

பார்த்தேன்.
ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை.
டஸ்டர் என்னிடம்தான் இருந்தது.